அண்ணனுக்குப் பாடியது

எங்கள் ஒலிப்பதிவு அறைக்குப் பதிவுக்காக வருகிறவர்கள் எல்லாரும் முதலில் புழுக்கத்தைப் பற்றித்தான் குறை சொல்வார்கள். ஏசி இருக்கிறது, நன்றாகவே ஓடும். ஆனால் அது ஓடும் சத்தம் மைக்கில் விழும் என்பதால் பதிவு செய்யும்போது மட்டும் அணைத்துவிடுவோம். அந்த மைக் பொல்லாதது. பக்கத்தில் ஒரு காகிதம் சரசரத்தால்கூட விடாது. மற்ற வேளைகளில் கோடைக்கு அந்த அறையைப்போலச் சொகுசான இடம் எங்கள் கட்டடத்தில் வேறு கிடையாது. மதியச் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் அங்கேதான் ஒதுங்குவோம். விசாரணைக் குழுவினரான நீங்கள் மூவரும் அறையைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். சாவி துறை உதவியாளரிடம் இருக்கிறது.

பல்கலைக்கழகத்தில் மொழிக் காப்பு மையத்தைத் தொடங்கியவன் நான்தான். நாங்கள் காக்க முயல்வது ஒரு சின்னஞ்சிறு சமூகத்தின் மொழி. எழுத்து கிடையாது. அவர்களுடைய பிள்ளைகள் எல்லாம் பொதுமொழிக்கு மாறி வெகுகாலம் ஆகிறது. தங்குதடையில்லாமல் பேசத் தெரிந்தவர்கள் என்று மிஞ்சியது இரண்டே பேர், ஓர் அண்ணனும் தங்கையும். தங்கை ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். நான் போய்க் கெஞ்சிக் கூத்தாடி மையத்துக்குப் பயிற்றுநராக அழைத்து வந்தேன். மாணவர்கள் அவரை அக்கா என்றார்கள். நானும் அக்கா என்றேன். அவர் என்னைத் தம்பி என்று கூப்பிடுவார். துறைத்தலைவரான என்னைத் தம்பி என்று கூப்பிடலாமா என்று யாரோ கேட்டதற்கு, தலைவர்னா தம்பி இல்லாம போயிடுவாரா என்று கேட்டுவிட்டுப் போனார். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

அண்ணன் தொலைதூர லாரி ஓட்டுநர். வகுப்பு முடிந்ததும் அக்கா வாசல் படியில் வந்து உட்கார்வார். எங்கோ ஒரு சாலை ஓரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு அண்ணன் போனில் கூப்பிடுவார். அவ்வளவுதான், ஆரம்பித்துவிடும். வீட்டுக் கூரையைப் பற்றிச் சண்டை, சொந்தக்காரர்களைப் பற்றி வம்பு, அவருடைய சர்க்கரை வியாதிக்கு இவருடைய திட்டு. எங்கள் பாடங்களில் எண்கள் உண்டு, மழை உண்டு, மரம் உண்டு. வைது சிரிப்பதெல்லாம் அந்தப் படியில்தான் கேட்கும். உலகத்தில் அந்த மொழியில் நடந்துகொண்டிருந்த பேச்சு என்றால் அது ஒன்றுதான். மாணவர்களை அந்தப் பக்கமாகப் போய்க் காதைத் தீட்டிக்கொண்டு நில்லுங்கள் என்று நானே அனுப்பியிருக்கிறேன்.

இனிப் பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர்கள் மொழியில் அதற்கு ஒரு பெயர் உண்டு. அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. அந்தத் தகுதி எனக்குப் போய்விட்டது. தாயோ உடன்பிறந்தவனோ இறந்த செய்தி காதில் விழுந்த இடத்திலேயே பெண் பாட வேண்டியது அது. உடன்பிறந்தவன் என்றால் அவன் பிறந்ததிலிருந்து எல்லாம் அதில் வரும். விழுந்து எழுந்தது, அடி வாங்கியது, முதலில் போட்ட நல்ல சட்டை, நடந்த வழிகள் எல்லாம். வேறெங்கும் கிடைக்காத பழைய சொற்கள் அதில்தான் இருக்கின்றன. ஒருவருக்கு ஒருமுறைதான் பாடுவார்கள். பாடி முடித்தபின் அவன் பெயரைச் சொல்லக் கூடாது, கூப்பிடக் கூடாது, அவன் இருந்த பக்கம் திரும்பவும் கூடாது. கூப்பிட்டால் போகிறவன் திரும்பிப் பார்ப்பானாம். அவனை நிம்மதியாகப் போக விட வேண்டும் என்பது அவர்கள் கணக்கு.

இதெல்லாம் எனக்குத் தெரியும். இதைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதியவனே நான்தான்.

அதைப் பாடிக் காட்டுங்கள் என்று அக்காவிடம் பலமுறை கேட்டேன். இறந்துபோன உங்கள் அம்மாவுக்காகவாவது ஒரு தடவை என்று கேட்டேன். அம்மாவுக்குப் பாடியாகிவிட்டது என்றார். பாவனைக்குப் பாடுங்கள் என்றும் கேட்டுப் பார்த்தேன்.

"அது பாட்டு இல்ல தம்பி. ஆள் போனாத்தான் வாயில வரும். எனக்கு இருக்கறது ஒரே ஒரு அண்ணன். அவர் நல்லா இருக்கட்டும்" என்றார்.

அத்தோடு நான் விட்டிருக்க வேண்டும். ஆனால் அந்த வருடம் மதிப்பீட்டுக் குழு வந்தது. உங்கள் மையம் சேகரித்திருப்பதெல்லாம் வெறும் சொற்களும் சின்ன வாக்கியங்களும்தானே, முழுமையாக ஒன்றுகூட இல்லையே என்றார்கள். அடுத்த கூட்டத்துக்குள் அப்படி எதையும் காட்டாவிட்டால் மையத்தை அயல்மொழித் துறையோடு சேர்த்துவிடுவதாகச் சொன்னார்கள். சேர்ப்பது என்றால் மூடுவது. நான் கையைப் பிசைந்துகொண்டு திரிந்தேன். யோசிக்க யோசிக்க ஒரே இடத்தில்தான் வந்து நின்றது. சர்க்கரை இருந்தாலும் அண்ணன் திடகாத்திரமானவர். அக்காவுக்கு இதயக் கோளாறு. அக்கா முந்திக்கொண்டால் அந்தப் பாட்டை யாரும் ஒருநாளும் கேட்கப் போவதில்லை. அண்ணன் முந்திக்கொண்டாலும் செய்தி வரும் நேரம் அக்கா என் மைக் பக்கத்தில் இருப்பார் என்பது என்ன நிச்சயம். இந்த நினைப்பு எனக்கு அருவருப்பாக இருந்தது என்று சொல்ல ஆசைதான். அப்போது அது வேலைத் திட்டம்போலத்தான் இருந்தது.

அண்ணன் மலைப்பாதை வழியாகச் சுமை ஏற்றிப் போகிறார், இரண்டு நாள் போன் எடுக்காது என்று அக்காவே ஒருநாள் சொன்னார். மறுநாள் மதியம் அவரை அறைக்குள் கூப்பிட்டு, அண்ணன் வண்டி பள்ளத்தில் கவிழ்ந்துவிட்டது, ஆள் பிழைக்கவில்லை என்று சொன்னேன்.

அவர் கத்தவில்லை. நாற்காலியை விட்டுத் தரையில் இறங்கி உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் தரையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு பாடினார். நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதும் பதிவுக் கருவியின் ஒலி அளவு முள் சிவப்பைத் தொடாமல் பார்த்துக்கொண்டேன்.

முடிந்ததும் நானே காரில் கொண்டுபோய் அவரை வீட்டில் விட்டேன். தகவல் தவறு என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். பதிவை இன்னொரு இடத்தில் பிரதி எடுத்து வைத்துவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தேன். கோபத்தில் அழிக்கச் சொல்லிவிடுவாரோ என்று பயம். ஆக, அன்று இரவு முழுக்க அவருக்கு அண்ணன் இல்லை.

காலையில் போய்ச் சொன்னேன். ஆள்மாறாட்டம், வேறு யாருடைய வண்டியோ, அண்ணன் நலமாக இருக்கிறார் என்றேன். அழுதுகொண்டே சிரிப்பார், என்னை நாலு வார்த்தை வைவார், எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தேன். கட்டுரையில் அந்த வழக்கத்தைப் பக்கம் பக்கமாக விளக்கியவனுக்கு, அதை ஒருத்தர் நிஜமாகவே கடைப்பிடிப்பார் என்று தோன்றவே இல்லை.

"பாடிட்டேனே தம்பி" என்றார் அக்கா.

அண்ணன் போன் செய்தார். அக்கா எடுக்கவில்லை. சுமையை இறக்கிய கையோடு அவர் மையத்துக்கே வந்துவிட்டார். வகுப்பறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அக்கா வகுப்பை முடித்து வெளியே வந்தார், அந்தப் பக்கம் திரும்பாமல் நேராக என்னிடம் வந்து நின்றார்.

"பெஞ்சில யாரோ உக்காந்திருக்காங்க போல. ரொம்ப தூரத்துலேருந்து வந்திருப்பாங்க. சாப்பிட ஏதாவது வாங்கிக் குடுத்து அனுப்புங்க தம்பி" என்று பொதுமொழியில் சொன்னார். கொஞ்சம் சத்தமாகவே சொன்னார்.

நான் அவருக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்து, அந்த ஆள்மாறாட்டக் கதையையும் அக்கா பாடிவிட்டதையும் சொன்னேன். சட்டையைப் பிடித்து உலுக்குவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தங்கையைக்கூடக் குறை சொல்லவில்லை. "அவ முறைப்படிதான் செஞ்சிருக்கா. நான்தான் போகாம நிக்கறேன்" என்றார். பிறகு, தயங்கித் தயங்கி, என்னைப் பற்றி என்ன பாடினாள் என்று கேட்டார். அறைக்குக் கூட்டிப்போய்ப் போட்டுக் காட்டினேன். தலையைக் குனிந்தபடி கேட்டார். ஓரிடத்தில் அந்தப் பச்சைச் சட்டை இவளுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறதே என்று சிரித்தார். எங்களுக்கு விளங்காத சொற்களை நிறுத்தி நிறுத்திக் கேட்டேன். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டே பொறுமையாகப் பொருள் சொன்னார். அதையும் இரண்டாவது கருவியில் பதிவு செய்துகொண்டேன். உயிரோடு இருக்கும் மனிதனிடம் அவனுடைய ஒப்பாரிக்கே உரை வாங்கியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மையம் தப்பியது. மதிப்பீட்டுக் குழு அந்தப் பதிவைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. பதிவை வெளியிட்ட விழாவில் அதைக் கேட்டு என் மனைவி அழுதாள். வீட்டுக்கு வரும் வழியில், "அவ்ளோ அழுதப்புறம் அந்தம்மா எப்படிங்க வீட்டுக்குப் போனாங்க?" என்று கேட்டாள். நான்தான் கொண்டுபோய் விட்டேன் என்றேன். நல்ல காரியம் செய்தீர்கள் என்றாள்.

அக்கா இப்போதும் வகுப்புக்கு வருகிறார். எண்கள், மழை, மரம் எல்லாம் சொல்லித் தருகிறார். படியில் உட்காருவதில்லை. மாலையில் அண்ணன் எனக்குத்தான் போன் செய்கிறார். சாப்பிட்டாளா, மாத்திரை போடுகிறாளா என்று பொதுமொழியில் கேட்டுவிட்டு வைத்துவிடுவார். அந்த மொழி இருவர் வாயிலும் இன்னும் இருக்கிறது. பேசிக்கொள்ளத்தான் ஆள் இல்லை. அதைக் காப்பாற்றுவதற்காகச் சம்பளம் வாங்கும் நான், அதில் நடந்துகொண்டிருந்த ஒரே பேச்சை நிறுத்திவிட்டேன். வெட்கமாக இருக்கிறது. கண்ணாடியில் முகம் பார்த்துச் சவரம் செய்யவே கூசுகிறது. ஆனாலும் பதிவை மட்டும் அழித்துவிடாதீர்கள் என்று உங்களிடம் கேட்க நாக்கு துடிக்கிறது. இதிலிருந்தே நான் எப்படிப்பட்டவன் என்று நீங்கள் தெரிந்துகொள்ளலாம்.

கடைசியாக ஒன்று. தவறான தகவல் ஒன்று போனில் வந்தது, பதறிப்போய்ச் சொல்லிவிட்டேன், அவர் பாட ஆரம்பித்ததும் ஏதோ தோன்றி மைக்கைப் போட்டேன் என்று போன மாதம் உங்களிடம் சொல்லியிருந்தேன். அது பூசி மெழுகியது. எனக்குப் போன் எதுவும் வரவில்லை. அக்காவைக் கூப்பிடுவதற்கு முன்பே ஏசியை அணைத்துவிட்டேன். கதவைத் திறந்ததுமே அவர் முகத்தில் அனல் அடித்திருக்க வேண்டும்.

"என்ன தம்பி, இன்னைக்குப் பதிவு இல்லைன்னீங்க. இப்படிப் புழுங்குது?" என்று கேட்டார்.

"ஏசி ரிப்பேர், அக்கா. உக்காருங்க" என்றேன்.

அவர் உட்கார்ந்து, மேசையில் கிடந்த பாடப் புத்தகத்தை எடுத்து, வேர்த்துக் கொட்டிய எனக்கும் சேர்த்து விசிறினார். அந்தச் சத்தம் மைக்கில் விழும். அவர் விசிறி முடித்துப் புத்தகத்தைக் கீழே வைக்கும்வரை காத்திருந்துவிட்டுத்தான் சொன்னேன்.