முப்பத்தைந்து காலைகள்

எங்கள் குழுவின் வரலாற்றை யாராவது கேட்டு வந்தால் என்னிடம்தான் அனுப்பிவைப்பார்கள். வருடங்களும் மண்டபங்களும் எனக்கு மனப்பாடம். அதனால் ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொல்லி நீங்கள் கேட்டது எனக்குச் சிரமமாக இல்லை, மேடம். நீங்கள் சிங்களத்தில் எழுதிக்கொள்ளுங்கள், நான் தமிழில் சொல்கிறேன். முடிந்ததும் ஒருமுறை வாசித்துக் காட்டினால் போதும்.

லெஸ்லி அருளப்பு என்ற பெயரை உங்கள் வயதுக்காரர்கள் கேள்விப்பட்டிருக்க நியாயமில்லை. எழுபதுகளில் கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த பொப் பாடகர். பகலில் துறைமுகத்தில் கிளார்க். பதினெட்டுப் பாடல்கள் இசைத்தட்டாக வந்தன. முப்பத்தெட்டு வயதில் மாரடைப்பு வந்து போய்விட்டார். அப்போது எனக்கு நான்கு வயது. அவரை நான் கண்டதே இல்லை. பன்னிரண்டாவது வயதில் அப்பாவின் கசெட்டில்தான் முதலில் கேட்டேன். தொண்டைக்குள் மணல் கிடப்பது போன்ற ஒரு குரல். ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லும் கொஞ்சம் உடையும். உடைந்த இடத்திலிருந்தே அடுத்த வரி கிளம்பும். என்னோடு படித்த பிள்ளைகள் சினிமா நடிகர்களின் படங்களைக் கொப்பிகளுக்குள் வைத்திருந்தார்கள். எனக்கு அந்தக் கசெட் இருந்தது.

1994இல் எங்கள் பங்கு மண்டபத்தில் லெஸ்லியை நினைவுகூர ஒரு நிகழ்ச்சி வைத்தார்கள். ஒரே ஒரு மாலை, அவ்வளவுதான் திட்டம். பாடியவர் டெரிக். கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் வேலை. ட்ரம்ஸ் அடித்தவர் கொம்பனித்தெரு ஸாலிஹ். அறிவிப்புச் செய்ய ஒரு பெண்பிள்ளை வேண்டுமென்று என்னைக் கூப்பிட்டார்கள். டெரிக் மேடையில் ஏறியபோது நான் அறிவிப்புத் தாளைப் பார்க்க மறந்துவிட்டேன். இசைத்தட்டு உறையில் இருந்த அதே தோள், அதே மீசை. பிறகு பாடத் தொடங்கினார். தெளிவான, சுத்தமான குரல். குறை சொல்வதென்றால் அந்தச் சுத்தத்தைத்தான் சொல்லவேண்டும்.

மூன்று வருடம் கழித்து அவரையே கட்டினேன். நல்ல மனிதர், மேடம். என்னோடு கோபித்துக்கொண்ட நாட்களில்கூட இரவுச் சாப்பாட்டுக் கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டுத்தான் முகத்தைத் திருப்பிக்கொள்வார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. குழு இருந்தது. கலியாண வீடு, கோயில் திருநாள், பழைய மாணவர் ஒன்றுகூடல் என்று வருடம் முழுக்கக் கூப்பிட்டார்கள். 2011இல் வெள்ளவத்தையிலிருந்து ராகுலன் கீபோர்ட் வாசிக்க வந்து சேர்ந்தான். நாடகம் போட்டுப் பழகியவன். ஒத்திகை பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னான்.

“அக்கா, இது கச்சேரியா இருந்தா கிழடுகட்டைகள் மட்டும்தான் வருங்கள். கதையாக்குவம். சனம் குடும்பத்தோட வரும்.”

அப்படித்தான் அது மேடை நிகழ்ச்சியானது. ‘லெஸ்லி வருகிறார்’ என்று பெயர். இரண்டு பாகம், பின்னால் துறைமுகப் படம், நடுவில் லெஸ்லியின் வாழ்க்கையைக் கதையாகச் சொல்ல நான். விக், கிருதா, முகப்பூச்சு எல்லாம் என் கைவேலை. பத்து வருடத்துக்கு மேல் ஓடியது. முடிந்து வாசலில் நிற்கும்போது கிழவர்கள் டெரிக்கின் கையைப் பிடித்துக்கொள்வார்கள். “தம்பி அச்சொட்டா இருக்கிறீர். ஆனா குரல் எண்டா லெஸ்லி லெஸ்லிதான்,” என்பார்கள். டெரிக் சிரிப்பார். எனக்கு இரண்டு நாளைக்குச் சாப்பாடு இறங்காது.

2022 கடைசியில் டெரிக்குக்குச் சளி பிடித்துத் தடிமன் வந்தது. தடிமன் போனது, தொண்டை கட்டியது போகவில்லை. தை மாதம் வெள்ளவத்தை மண்டபத்தில் முதற்பாட்டின் முதல் வரியைப் பாடினார். வரியின் கடைசிச் சொல் உடைந்தது. முன் வரிசையில் ஒரு வயதான அம்மா வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார். ஸாலிஹ் ஒரு தாளம் தவறவிட்டார். நான் திரைக்குப் பக்கத்தில் நின்று கேட்டேன். எனக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. முப்பத்தாறு வருடம் காத்திருந்து ஒருவரைச் சந்தித்த மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு டிக்கெட் கிடைக்காமல் ஆட்கள் திரும்பிப் போனார்கள். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் கேட்டார்கள்.

அவரை வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனதே நான்தான். இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். தொண்டைக்குள் கமரா விட்டுப் பார்த்து, சின்னத் துண்டு எடுத்தார்கள். ரிப்போர்ட் எடுக்கப் போன அன்று டெரிக் வேலையில். வைத்தியர் என்னை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். புற்றுநோய், குரல் நாணில், மிக ஆரம்பம் என்றார். ஒவ்வொரு நாளாக முப்பத்தைந்து நாட்கள் கரண்ட், அதுதான் கதிர்வீச்சு, பிடித்தால் பத்துப் பேரில் ஒன்பது பேர் முழுதாகச் சுகமாகிவிடுவார்கள் என்றார். நான் அழுதேன். உண்மையாகவே அழுதேன். அவர் எனக்கு ஆறுதல் சொல்லத்தான் பார்த்தார்.

“பயப்பிடாதீங்கோ. எல்லாம் முடிய அவற்ற பழைய குரலே திரும்பி வந்திடும்.”

அந்தச் சொல்லைக் கேட்கும்வரை அவருக்குச் சிகிச்சை செய்யும் எண்ணத்தில்தான் இருந்தேன்.

டெரிக்கிடம் யார் சொல்வதென்று வைத்தியர் கேட்டார். நான் சொல்கிறேன் என்றேன். அவர் அதை விசித்திரமாக எடுக்கவில்லை. எங்கள் ஆட்களின் பழக்கம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். இந்த நோயின் பெயரை நோயாளியிடம் சொல்லமாட்டோம். வீட்டார் தங்களுக்குள் வைத்துக்கொள்வார்கள். கேட்டால் ஆள் உடைந்துபோய்விடும் என்பார்கள். அது அன்பினால் வந்த பழக்கம். அதில் நான் புதிதாக எதையும் சேர்க்கவில்லை.

டெரிக்கிடம், வயிற்றிலிருந்து அசிட் மேலே வந்து தொண்டையைச் சுடுகிறது, முப்பத்தைந்து நாள் ஆவி பிடிக்கவேண்டுமாம் என்றேன். அவர் கடதாசி வாசிக்கிற ஆள் இல்லை. மின்சார பில்கூட நான்தான் பார்ப்பேன். மருத்துவமனையிலிருந்து இரண்டு தரம் போன் கோல் வந்தது. சென்னைக்குக் கொண்டுபோகிறோம் என்றேன். பிறகு டெரிக்கின் அக்கா பிரிஜிட்டிடமும், ஸாலிஹிடமும், ராகுலனிடமும் தனித்தனியே நோயின் பெயரைச் சொன்னேன். கொழும்பிலேயே கரண்ட் பிடிக்கிறோம், அசிட்டுக்கு ஆவி பிடிப்பதாக அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார், அப்படியே இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டேன். பிரிஜிட் அக்கா மாதா மேல் சத்தியம் செய்தா. ராகுலன் விம்மி விம்மி அழுதான். மூவருமே சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். நான் ஒரு கதவையும் பூட்டவில்லை, மேடம். அவரவர் தங்கள் பக்கத்தில் நின்று கதவைப் பிடித்துக்கொண்டார்கள்.

அந்த முப்பத்தைந்து காலைகளும் எங்கள் வாழ்க்கையின் நல்ல காலம். டெரிக் அரைநாள் லீவு போட்டார். கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் கோட்டைக்கு, அங்கிருந்து ரயிலில் தெஹிவளைக்கு. கடல் பக்கத்து யன்னல் சீட்டை எனக்கு விட்டுத்தருவார். தெஹிவளையில் ஓர் ஆயுர்வேதக்காரர் ஆவி பிடித்து விடுவார். அவருக்கு ஒன்றும் தெரியாது, அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம். திரும்பும்போது பணிஸ் வாங்கிப் பாதி பாதி சாப்பிடுவோம். கலியாணம் முடித்த புதிதில்கூட நாங்கள் அப்படித் திரிந்ததில்லை. ரயிலில் அவர் கதைத்துக்கொண்டே வருவார். நான் கேட்டுக்கொண்டே வருவேன்.

சந்தேகம் முதலில் ஸாலிஹுக்குத்தான் வந்தது. அவருடைய உம்மாவுக்கும் முன்பு இதே சிகிச்சை நடந்திருந்தது. ஆனி மாத ஒத்திகையில், டெரிக் வெளியே போன நேரம் பார்த்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“செலீன், ஒண்டு கேக்கவா? எங்கட உம்மாக்கு கரண்ட் புடிச்சப்ப களுத்து கரிச்சட்டி மாதிரி ஆகிட்டு. மச்சான்ட களுத்துல ஒண்டையும் காணல்லயே.”

“இப்ப புது மெஷின், ஸாலிஹ். பிந்தித்தான் கறுக்குமாம்,” என்றேன்.

“ம்,” என்றார். என் முகத்தைக் கொஞ்சம் கூடுதலான நேரம் பார்த்தார்.

அடுத்த நிகழ்ச்சிக்கு டெரிக்குக்கு முகப்பூச்சுப் போடும்போது கழுத்துக்கும் கொஞ்சம் கடும் நிறத்தில் பூசினேன். புது லைட்டில் கழுத்து மினுங்குகிறது என்று அவருக்குச் சொன்னேன். “நீ பூசு, நீதானே டைரக்டர்,” என்று தாடையைத் தூக்கிக் காட்டினார். மேடைக்குப் பின்னால் ஸாலிஹ் அந்தக் கழுத்தைக் கண்டார். கண் கலங்கிவிட்டது. டெரிக்கின் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு ஸாலிஹ் வரும் நாட்களிலெல்லாம் பூசினேன். பிரிஜிட் அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் சூப் கொண்டுவரும்போதும் பூசினேன். வெயில் படக்கூடாதென்று களிம்பு போடுவதாக டெரிக்கிடம் சொல்லிவைத்தேன்.

நீங்கள் என்னைச் சந்தேகத்தோடு பார்ப்பது எனக்கு விளங்குகிறது. அந்த இரண்டு வருடமும் நானும் எல்லாரையும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். டெரிக்கோடு யார் அதிக நேரம் கதைக்கிறார்கள், யார் போனில் கூப்பிட்டார்கள், அக்கா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு ஏன் ஒன்றும் பேசாமல் இருக்கிறா என்று கவனித்தேன். இருவரும் தனியே இருக்கும்போது தேத்தண்ணியோடு உள்ளே போய்விடுவேன். பாசமுள்ளவர்கள்தான் வாய் தவறுவார்கள்.

கரண்ட் பிடித்து முடிந்தபிறகும் ஏன் குரல் தெளியவில்லை என்று ராகுலன் ஒருமுறை கேட்டான். நாண் வெந்துபோனால் அப்படித்தான் என்றேன். அவன் தலையாட்டினான். அவனுக்கும் அந்தக் குரல் பிடித்திருந்தது. நான் கேட்டுக்கொண்டபடி ஒவ்வொரு நிகழ்ச்சியையும் நல்ல மைக்கில் பதிவு செய்தான். முழுக் குரலோடு பதினெட்டுப் பாட்டும் பதிவாகிவிட்டால் உடனே சிகிச்சைக்குக் கூட்டிப்போவது என்று நான் தீர்மானித்திருந்தேன். அது உண்மை. மார்கழியில் பதினாறு முடிந்திருந்தன. மற்ற இரண்டும் கடினமான பாட்டுகள், ஒவ்வொரு தரமும் ஏதாவது ஓரிடத்தில் சரியாக வராது. பதினெட்டும் முடிந்தபோது அடுத்த வருடம் சித்திரை ஆகிவிட்டது. அதற்குள் லண்டன் பயணம் வந்தது. போய்வந்து பார்ப்போம் என்றிருந்தேன். லண்டனில் அவருக்குக் காற்று மட்டும்தான் வந்தது. பதிவைப் போட்டோம், அவர் வாயை அசைத்தார். சபை எழுந்து நின்று கைதட்டியது. மூச்சு வாங்குவதற்கு ஆஸ்துமா என்று சொல்லி பம்ப் வாங்கிக் கொடுத்தேன்.

போன மாசி மாதம் நிகழ்ச்சிக்கு வேஷம் போட்டுக்கொண்டு இருந்தபோதே மூச்சு அடைத்துவிட்டது. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். என்ன வைத்தியம் நடந்தது என்று ஓர் இளம் வைத்தியர் கேட்டார். பிரிஜிட் அக்கா முந்திக்கொண்டு, முப்பத்தைந்து கரண்ட், ஒன்றுகூடத் தவறவில்லை என்றா. தொண்டையில் துளை போடுவதற்காக வைத்தியர் டெரிக்கின் கழுத்தைப் பஞ்சால் துடைத்தார். பஞ்சு கறுத்துக்கொண்டு வந்தது. அடியில் கருகாத தோல். வைத்தியர் பஞ்சைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தா. இரண்டாம் நாள் டெரிக் போய்விட்டார்.

அக்கா உங்களிடம் கொடுத்த முறைப்பாட்டில் ஒரு வரியும் பொய்யில்லை. சுகமாகியிருக்கக்கூடிய ஒரு மனிதரை நான் சுகமாக விடவில்லை. அறிந்தே செய்தேன். யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, யாரும் உதவவும் இல்லை. ஆனால் அவர் பயந்து சாகவில்லை, மேடம். மனைவியை நம்பிக்கொண்டு இருந்தார். அந்த நம்பிக்கையை நான் ஒருநாளும் கெடுக்கவில்லை.

அவர் உங்களிடம் ஒருமுறையாவது கேட்கவில்லையா என்கிறீர்கள். கேட்டார்.

கடைசி நாள், முப்பத்தைந்தாவது காலை. தெஹிவளை ஸ்டேஷனில் மர வாங்கில் உட்கார்ந்திருந்தோம். ரயில் பிந்தியிருந்தது. அப்போதும் காலம் போய்விடவில்லை. அன்றைக்கே அந்த வைத்தியரிடம் போயிருக்கலாம். டெரிக் என் பக்கம் திரும்பி, என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

“செலீன், எனக்கு உண்மையா என்ன வருத்தம்? அக்கா என்னப் பார்க்கேக்க அழுறா. ஸாலிஹ் என்னோட பகிடி விடுறதில்ல. வேற யாரையும் நான் கேக்க மாட்டேன். நீ சொன்னா நம்புவேன்.”

என் பெயரின் கடைசியில் குரல் உடைந்தது. உடைந்த இடத்திலிருந்துதான் மற்றச் சொற்கள் எல்லாம் வந்தன. கசெட்டில் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன், அதில் என் பெயர் இருந்ததில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“இன்னொருக்காச் சொல்லுங்க,” என்றேன்.

கடற்காற்றில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்திருக்கவேண்டும். தொண்டையைக் கையால் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் உரத்து, என் பெயரிலிருந்து மறுபடியும் சொன்னார்.