படத்தில் இல்லாத தேமல்

கிள்ளானில் கோலாலம்பூர் பஸ்ஸுக்கான வரிசையில், எனக்கு முன்னால் தோட்டத்திலிருந்து வந்த ஒரு தாயும் வயது வந்த மகளும் நின்றார்கள். தாய், தனக்கு முன்னால் நின்ற பெண்மணியிடம் சொன்னார்:

“போட்டோவுல இவ கன்னம் பளபளன்னு இருக்குக்கா. அதாலதான் எல்லாம் கெட்டுச்சி.”

“என்னா சொல்றீங்க?”

“கன்னத்துல தேமல்க்கா. தோட்டத்து ஆஸ்பத்திரில மருந்து குடுக்குற டிரெஸரு, ‘போட்டோ எடுங்க, கே.எல். தோல் டாக்டருக்கு அனுப்புறேன்’னாரு. ஸ்டூடியோக்காரன் மாப்பிள்ள வீட்டுக்குன்னு நெனச்சி, நெகட்டிவ்ல பென்சில் போட்டு தேமல மறைச்சிட்டான்.”

“ஐயையோ! நீங்க பாக்கலையா?”

“கவர ஒட்டித்தான் குடுத்தான். அப்படியே அனுப்பிட்டோம். டாக்டரும் ‘தோலு நல்லா இருக்கு, வரவேணாம்’னு எழுதிட்டாரு. ஒரு வருஷம் சும்மா இருந்துட்டோம். போன வாரம் ஸ்டூடியோ வாசல்ல இவ படத்த அழகுக்கு மாட்டி வச்சிருக்கான். அப்பதான் பாத்தேன்.”

“இப்ப டாக்டர்கிட்டயா போறீங்க?”

“ஆமாக்கா. நேத்து எண்ண தெறிச்சி தேமல்மேல கொப்பளம் வந்துடுச்சி. நான் சொல்லித்தான் இவளுக்கே தெரியும்.”

பெண்மணி பதறிப்போய்க் கையை நீட்டி, பாதியில் நிறுத்திக்கொண்டார். “வலிக்கலையாம்மா?”

மகள் கன்னத்தைத் திருப்பிக் காட்டினாள்.

“அழுத்தியே தொடுங்க ஆன்ட்டி. எனக்குத் தெரியாது.”