குளோரோபில் எந்தப் பச்சை?

தலைமை தாங்கும் பாடசாலை அதிபர் அவர்களே! தமிழால் எங்களைத் தாங்கும் ஆசான்களே! தோட்டத்து லய வீடுகளிலிருந்து மலையேறி வந்த தாய்மார்களே! பதுளைக் கடைகளைப் பூட்டிவிட்டு வந்த பெரியோர்களே! முன்வரிசையில் முணுமுணுக்கும் மாணவச் செல்வங்களே! இந்த ஆய்வுகூடத் திறப்பு நாளில் அனைவருக்கும் என் வணக்கம்.

செய்தியாளன் நான். இரு தோழிகளின் கதை இது; இருவர் வீட்டிலும் கேட்டுச் சரிபார்த்ததையே சொல்கிறேன்.

தெமோதரைத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை விதுஷா, போன ஆண்டு உயிரியலை விட்டுக் கலைப் பிரிவுக்குப் போகத் துணிந்தாள். கணக்கு வரவில்லையா? வந்தது. ஆர்வம் இல்லையா? டாக்டராகும் ஆசையே இருந்தது. வாயில் நுழையாதவை ஆங்கிலப் பெயர்கள்! ‘குளோரோபில்’ என்று சொல்லித் தடுமாறியபோது வகுப்பே சிரித்தது. திங்கட்கிழமை பிரிவு மாறும் படிவத்தில் கையெழுத்துப் போட்டால் அந்த ஆசை முடிந்தது.

ஞாயிறன்று அவளுடைய மேசைத் தோழி ஸனா பஸ் ஏறி வந்தாள். புத்தகம் கொண்டுவந்தாளா? புத்திமதி கொண்டுவந்தாளா? வாப்பா ஸனூஸ் ஹாஜியாரின் கடையிலிருந்து பெயின்ட் நிற அட்டையைக் கொண்டுவந்தாள். ஆமாம் அம்மா, சுவருக்கு அடிக்கிற பெயின்ட்தான்!

குளோரோபில், இரு நூற்றாண்டுக்கு முன் பிரான்சில் இருவர் கிரேக்கச் சொற்களால் கட்டிய பெயர். ‘பில்லோன்’ என்றால் இலை. ‘குளோரோஸ்’ என்றால் பச்சை. எந்தப் பச்சை?

ஸனாவும் அதைத்தான் கேட்டாள். “இளந்தளிர்ப் பச்சைன்னு அகராதியில இருக்கு. இந்த அட்டையில எது புள்ள?”

விதுஷா பார்த்துவிட்டுச் சிரித்தாள். “ஒன்னுமே இல்ல. ஒங்க வாப்பா விக்கிறதெல்லாம் முத்தின இலைடி. மடுவத்துல கொழுந்து நிறுக்குறப்பவே கழிச்சு வீசிருவாங்க.” லயத்துக்குப் பின்னால் போய் ஒரு கொழுந்தைக் கிள்ளி வந்து அட்டைமேல் வைத்தாள். “இந்தா, மஞ்சத் தட்டுன பச்சை. இதான்.”

“கிரேக்கக்காரன் சொன்னதும் இதத்தான். தெனமும் ஒங்க வீட்டுப் பக்கத்துல நிக்குறதுக்கா இவ்வளவு பயம்?”

“பயமெல்லாம் இல்ல. நாளைக்கு வகுப்புல சொல்றேன். மொத ஆளா நீதான் சிரிப்ப.”

“சிரிப்பேன்,” என்றாள் ஸனா.

சபையோரே! அந்நியமா அந்தச் சொல்? அரண்மனையில் பிறந்ததா? தளிரைப் பார்த்த கண்கள் தந்த பெயர் அது! அந்தத் தளிரைத் தினமும் தொடும் கைகள் இந்த மண்டபம் நிறைய இருக்கின்றன! சொல்லுக்கு அஞ்சிப் பிள்ளைகள் பின்வாங்கலாமா? பாதியில் படிப்பைப் பறிகொடுக்கலாமா? கூடாது என்கிறீர்கள். கேட்கிறது, பின்வரிசை!

திங்கட்கிழமை விதுஷா கையெழுத்துப் போடவில்லை. இந்தக் கூடத்தின் முதல் சோதனையை இப்போது அவள்தான் செய்யப்போகிறாள். கொழுந்தின் பச்சையைப் பிரித்துக் காட்டி, அதன் பெயரையும் உங்கள் முன் உரக்கச் சொல்வாள். எனக்காக வைத்திருக்கும் கைதட்டலை அதுவரை சேமித்து வையுங்கள்.

நன்றி, வணக்கம். வாம்மா விதுஷா, மைக்கைப் பிடி.