ஏற்கெனவேயாரின் கூட்டம்

மேடையில் வீற்றிருக்கும் தலைவர் அவர்களே, கல்லூரி நிர்வாகக் குழுவினரே, கடைசி வரிசைவரை நிறைந்திருக்கும் பெரியோர்களே, முன்வரிசையில் தனியாக அமர்ந்திருக்கும், பேராசிரியரின் துணைவியாரான அண்ணியாரே, வணக்கம்.

மறைந்த பேராசிரியர் இந்தக் கல்லூரியில் அறிவியல் வரலாறு கற்பித்தவர். பக்கத்து அறையில் இயற்பியல் கற்பிப்பவன் நான். மாணவர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் ஏற்கெனவேயார். அவர் காதுபடவே சொல்வார்கள். “போகட்டும்பா, மரியாதையா ஒரு ‘யார்’ போட்டிருக்காங்களே” என்பார்.

என் தலைக்குமேல் ஒரு பதாகை தொங்குகிறது. ‘நவீன அறிவியல் அனைத்தும் நம் மறைநூலில் உண்டென நிறுவிய மாமேதைக்கு அஞ்சலி’ என்கிறது. அதே தலைப்பில் ஆண்டுதோறும் அவர் பெயரில் சொற்பொழிவு நடக்கும் என்று தலைவர் சற்றுமுன் அறிவித்தார். நீங்களும் தலையசைத்தீர்கள். இந்தப் பிழை எப்படி நேர்ந்தது? அவர் எழுதிய ஒரே நூலின் பெயர் ‘நமக்கு ஏற்கெனவே தெரியும்’. அட்டையோடு நின்றவர்களுக்கு அது பெருமையாகத்தான் தெரியும். பெரியோர்களே, அது கேலி. ஒருவர்கூடவா அட்டையைத் திருப்பவில்லை?

உள்ளே அவர் என்ன சொன்னார்? மதத்தைத் தேசமாக்கப் பார்ப்பவர்களுக்கு அறிவியல்மேல் பகை இல்லை, ஆசைதான் என்றார். அதன் கேள்விகள் வேண்டாம், சோதனைகள் வேண்டாம், தோல்விகள் வேண்டவே வேண்டாம். விடை மட்டும் வேண்டும். எங்கோ ஒருவர் வாழ்நாளெல்லாம் பாடுபட்டு ஒன்றைக் கண்டுபிடிப்பார். மறுநாள் அது நம் நூலில் ஏற்கெனவே இருக்கும். எப்போதும் மறுநாள்தான். முந்தைய நாள் யாராவது எடுத்துக் காட்டியதுண்டா? இந்தக் கேள்வியை அவர் எல்லா மேடையிலும் கேட்டார். பிறகு மேடைகள் அவரை அழைப்பதை நிறுத்திக்கொண்டன.

‘ஏற்கெனவே’யைவிட அவரை அதிகம் வருத்திய சொல் ‘நமக்கு’. “தமிழ்ல ‘நமக்கு’ன்னா கேக்கறவனும் உள்ள இருக்கான். இவங்க ‘நமக்கு’ன்னு சொல்றாங்க, ‘எங்களுக்கு’ன்னு நினைக்கிறாங்க. அந்த நூலைத் தொடாத குடும்பத்துப் பிள்ளை என் வகுப்புல உக்காந்திருக்கு. அது எந்தப் பக்கம்?” என்று கேட்பார்.

அவர் நாத்திகரா? இல்லை. காலையில் கும்பிட்டுவிட்டுத்தான் வேலைக்கு வருவார். “என் சாமிக்கு ஆய்வுக்கூடச் சான்றிதழ் எதுக்கு?” என்பார். அதனால் பக்தர்கள் அவரைத் துரோகி என்றார்கள். பகுத்தறிவு பேசியவர்கள், கும்பிடுகிறவரோடு என்ன சேர்க்கை என்று ஒதுங்கினார்கள். எங்கள் அறிவியல் துறையினர், ஏவுகணை மாதிரியைப் பூசை அறையில் வைத்துப் படமெடுத்துக்கொள்கிறீர்களே என்று அவர் கேட்டதோடு பேச்சை விட்டுவிட்டார்கள். ஆசிரியர் அறையின் நீளமேசையில் அவர் உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலிகள் மெல்ல மெல்லக் காலியாகும். அவர் அதைப் பார்க்காதவர்போல் சாப்பாட்டுப் பெட்டியைத் திறப்பார். பார்த்தார் என்பது எனக்குத் தெரியும்.

வீட்டில் அண்ணி கேட்பாராம், “இன்னிக்கு யாரோட சாப்பிட்டீங்க?” என்று. “எல்லாரோடயும்தான்” என்பாராம். அந்த எல்லாரும் நான் ஒருவன்தான். எப்படியோ அண்ணி கண்டுபிடித்துவிட்டார். அதன்பின் பெட்டியில் இரண்டு பேருக்கான சாப்பாடு வந்தது. இந்த வாரம் அந்த மேசையில் நான் தனியாக உட்கார்ந்தேன். அவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று இப்போது தெரிகிறது. கஷ்டமாக இருக்கிறது, பெரியோர்களே.

உயிரோடு இருந்திருந்தால் இந்தப் பதாகைக்கு அவரே மறுப்பு எழுதியிருப்பார். இனி எழுத மாட்டார். இன்று நான் பேசாமல் இறங்கினால், வருகிற ஆண்டுகளில் எல்லாம், அவர் எதிர்த்த கூற்றுக்கே அவர் பெயர் போய்ச் சேரும்.

இரங்கல் கூட்டத்தில் அவர் பணியைத் தொடர்வோம் என்று அவை சார்பில் உறுதி சொல்வது முறை. உங்கள் சார்பில் சொல்ல எனக்கு உரிமையில்லை. என் சார்பில் சொல்கிறேன். அந்தச் சொற்பொழிவு நடக்கும் ஒவ்வோர் ஆண்டும் நான் வருவேன். முன்வரிசையில் உட்கார்ந்து, பேச்சாளரிடம் நம் பேராசிரியரின் கேள்வியைக் கேட்பேன்: ஐயா, நாளை கண்டுபிடிக்கப் போகிற ஒன்றை இன்றே அந்த நூலிலிருந்து எடுத்துக் காட்டுங்கள்.

சிலர் எழுந்து போகிறீர்கள். தலைவரும் கடிகாரத்தைப் பார்க்கிறார். போகிறவர்கள் போகலாம், எனக்கு வருத்தமில்லை.

அண்ணி, காலையில் வாசலிலிருந்தே இந்தப் பதாகையைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக் கேட்டீர்களே, “தம்பி, தப்பான கூட்டத்துக்கு வந்துட்டமா?” என்று. இப்போது திரும்பிப் பாருங்கள். உங்களைச் சுற்றி நாற்காலிகள் காலியாகிக்கொண்டிருக்கின்றன.

இது அவர் கூட்டம்தான், அண்ணி.