அண்ணாச்சிக்கு எழுதிய சீட்டு

முதலில் நூல், பிறகு பிரஷ். இதில் எனக்கு எந்தக் காலத்திலும் சந்தேகம் இருந்ததில்லை, ஸுப்ரியா மேடம். பல்லிடுக்கில் சிக்கிய சோற்றுப் பருக்கையையும் மீன் நாரையும் ஃப்ளாஸ் நூல் விட்டு எடுத்துவிட்டால், அதன்பின் பேஸ்ட் அந்த இடுக்குக்குள்ளும் போய்ச் சேரும். நூலைக் கடைசிக்கு வைப்பது குப்பையை அள்ளாமல் தரையைத் துடைப்பது மாதிரி. தேய்த்து முடித்ததும் நுரையைத் துப்பினால் போதும், தண்ணீர் விட்டு அலச வேண்டாம். ஈறில் ரத்தம் வந்தால் பயந்து விட்டுவிடக் கூடாது. அந்த இடத்துக்குத்தான் நூல் அதிகம் வேண்டும். மட்டாஞ்சேரியில் ஒரு பல் கிளினிக்கில் பதினாறு வருஷம் உதவிக்கு நின்றவள் நான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதைச் சொல்வேன்.

நடந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள். தமிழில் எழுதலாமா என்று கேட்டேன். நீங்கள் பாலக்காட்டுப் பக்கம் சித்தூர் என்பதால் சரி என்றீர்கள். இந்தப் போலீஸ் ஸ்டேஷனில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தானாம். அதனால்தான் ஒன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். வாசிக்க ஓர் ஆள் இருக்கிறது என்றால் எழுதவே சந்தோஷமாக இருக்கிறது.

எங்கள் டாக்டர் அனில் நல்லவர், கைராசிக்காரர். ஆனால் ஒருவர் நாற்காலியை விட்டு இறங்குவதற்குள் அடுத்தவர் வாயைப் பார்க்கப் போய்விடுவார். போகிற போக்கில் "பொன்மணிச் சேச்சி, பறஞ்ஞு கொடுத்தேக்கு" என்பார். வீட்டில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று விளக்குவது என் பொறுப்பு. மலையாளத்தில் அச்சடித்த சீட்டு இருந்தது. தமிழ் மட்டும் வாசிக்கிறவர்களுக்கு நான் கையால் எழுதித் தருவேன். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், நீங்களே பார்க்கிறீர்கள். அந்தச் சீட்டைச் சரிபார்க்க கிளினிக்கில் வேறு யாருக்கும் தமிழ் தெரியாது. நான் எழுதியதுதான் டாக்டர் சொன்னது.

நாள் முழுக்க வாய்களைப் பார்ப்பேன். திறந்த வாய் பேசாது, மூடியதும் எழுந்து போய்விடும். அம்மா போன பிறகு கொச்சங்காடியில் ஒரு சுக்கு குடோனுக்குப் பின்னால் ஒற்றை அறையில் இருக்கிறேன். களமசேரியில் தம்பி இருக்கிறான், ஓணத்துக்கு ஃபோன் செய்வான். சில ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குக் குரல் என்று ஒன்று இருக்கிறதா என்று பார்க்கவே கடைக்குப் போய் தீப்பெட்டி கேட்பேன். வீட்டில் பதினொரு தீப்பெட்டி இருக்கிறது. எனக்குத் தனிமையாக இருந்தது, மேடம். அதைச் சொல்ல வெட்கமில்லை.

முத்துராமலிங்கம் அண்ணாச்சி போன வருஷம் தை மாதம் வந்தார். கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை வியாதி உண்டு, மனைவி காலமாகிவிட்டார், ஒரே மகள் கற்பகத்தைத் திருப்பூணித்துறையில் கட்டிக்கொடுத்திருந்தார். ஈறு வீங்கி வந்த மனிதர் என் பேச்சைக் கேட்டதும் வலியை மறந்துவிட்டார்.

"ஏம்மா, நீ சங்கரங்கோயில் பக்கமா?" என்றார்.

என் தாத்தா அந்தப் பக்கம்தான். சிகிச்சை முடிந்தும் அவர் போகவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தார். மரத்த வாயில் சூடு தெரியாது என்பதால் சாயாவை நன்றாக ஆற்றிக் கொடுத்தேன். சட்டையில் வழிய வழியக் குடித்துக்கொண்டு அரை மணி நேரம் பேசினார். எதைப் பற்றி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மழை, மூட்டுவலி, அவர் வீட்டுக் குழாயில் வரும் சத்தம். என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டார்.

முதல் சீட்டை ஒழுங்காகத்தான் எழுதினேன். அவர் அதைக் குளியலறைக் கண்ணாடியில் பிளாஸ்திரி போட்டு ஒட்டி, சொன்னதைச் சொன்னபடி செய்தார். மூன்றாவது முறை வந்தபோது ஈறு குழந்தை ஈறு மாதிரி இருந்தது. "இனி ஆறு மாசம் கழிஞ்ஞு வந்தா மதி" என்றார் டாக்டர்.

"பாத்தியா தங்கச்சி, நீ எழுதினதுல ஒரு அட்சரம் பிசகல" என்று அண்ணாச்சி சிரித்தார்.

ஆறு மாதம். என் கையெழுத்தே என் வாயில் மண்ணைப் போட்டுவிட்டது. நல்லபடியாக இருக்கிற மனிதர் பல் கிளினிக்குக்கு எதற்கு வருவார்? அவரைக் குறை சொல்ல முடியாது.

முறை மாறிவிட்டது என்று சொல்லி அன்றைக்கே புதுச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். முதலில் பிரஷ். பிறகு நேரம் இருந்தால் நூல். ரத்தம் வரும் இடத்தைத் தொட வேண்டாம், அதற்கு ஓய்வு கொடுக்கவும். அடியில் வழக்கம்போல என் செல் நம்பர். ஆறே வாரத்தில் வந்தார். அந்த வருஷம் ஐந்து தடவை வந்தார். அவருக்கென்று தனியாக ஒரு டம்ளர் வாங்கி வைத்தேன். ஈறு வீங்கும், நாங்கள் சுத்தம் செய்வோம், ஆறும். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் இருக்கிறார்கள். சர்க்கரைக்காரருக்கு அது ஆகாது என்று எனக்குத் தெரியும். கவனமாகப் பார்த்துக்கொண்டேன்.

இந்த ஜூன் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, கீழ்த்தாடையில் ஒரு பக்கம் வீங்கி வந்தார். டாக்டர் கீறிச் சீழை எடுத்தார். பெஞ்சில் உட்கார்ந்து சாயாவைக் கையில் வாங்கிக்கொண்டு அண்ணாச்சி சொன்னார்: "அடுத்த வாரம் மக வீட்டோட போயிடுறேன் தங்கச்சி. அங்ஙன எதுத்த வீட்டுலயே பல் டாக்டர் இருக்காராம். உனக்கும் தொந்தரவு இல்ல பாரு."

தொந்தரவு என்றார்.

ஏழு நாள் மாத்திரையை ஒருவேளை கூட விடக் கூடாது, வீக்கம் கழுத்துக்கு இறங்கினாலோ விழுங்க முடியாவிட்டாலோ அந்த நிமிஷமே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று டாக்டர் என்னிடம் சொல்லிவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போனார். நான் எழுதினேன்: மாத்திரை இரண்டு நாள் போதும். வீக்கம் கழுத்துக்கு இறங்குவது சகஜம். வேறு எங்கும் போக வேண்டாம். செவ்வாய்க்கிழமை இங்கே வந்து காட்டவும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் ஃபோன் அடித்தது. அப்பாவைக் கூட்டிப்போக வந்திருந்த கற்பகம்.

"சேச்சி, அப்பாக்கு கழுத்து வர வீங்கிட்டு. எச்சில் எறக்க பற்றல. ஆசுபத்திரிக்கு வாங்கன்னா சீட்டக் காட்டுறாங்க. எனக்கு தமிழ் வாசிக்க அறியாது. அதுல என்னதான் எழுதியிருக்கு?"

மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்த பெண். எழுதியதை ஒரு வார்த்தை மாற்றாமல் சொன்னேன்.

"அப்போ பேடிக்க வேண்டாம், அல்லே சேச்சி? பயப்பட ஒண்ணுமில்லல்ல?"

"வேண்டாம். செவ்வாக்கிழம கூட்டிட்டு வாங்க. ஃபோன அப்பாகிட்ட குடுங்க."

அவரால் பேச முடியவில்லை. மூச்சை இழுத்து இழுத்து விடும் சத்தம் மட்டும் கேட்டது. "நீங்க பேசாதீங்க அண்ணாச்சி, நான் பேசுறேன்" என்றேன். இருபது நிமிஷம் பேசினேன். அவ்வளவு நேரம் தொடர்ந்து யாரிடமும் பேசியதில்லை. அவரும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை காலையில் ஆம்புலன்சில் போகும்போதே இறந்துவிட்டார். கண்ணாடியில் ஒட்டியிருந்த அந்தக் கடைசிச் சீட்டைக் கற்பகம் பிய்த்துக் கொண்டுவந்து உங்களிடம் கொடுத்தாள். பிய்க்கும்போது ஓரம் கிழிந்துவிட்டது.

நீதான் கொன்றாயா என்று கேட்டீர்கள். ஆமாம், மேடம். அந்த வீக்கம் மூச்சை அடைக்கும் என்று தெரிந்துதான் அப்படி எழுதினேன், தெரிந்துதான் ஃபோனிலும் சொன்னேன். ஆனால் அவருக்குக் கெடுதல் நினைத்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அவர்மேல் எனக்கிருந்த அக்கறை வேறு யாருக்கும் இல்லை. செவ்வாய்க்கிழமைக்கென்று இரண்டு டம்ளரையும் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தேன்.

இவ்வளவையும் நீங்கள் உட்கார்ந்து வாசிப்பீர்கள் என்று நினைக்கும்போது மனசுக்கு இதமாக இருக்கிறது. மூன்று நாளாக விசாரணைக்கு வரவழைத்து எனக்கு எதிரே உட்கார்ந்து தமிழில் பேசுகிறீர்கள். நாளைக்கு என்னைக் கோர்ட்டுக்கு அனுப்பிவிட்டால் அப்புறம் உங்களுக்கு இங்கே எவ்வளவோ வேலை இருக்கும், தெரியும். காலையில் நீங்கள் பன்னைக் கடித்தபோது அதில் லேசாகச் சிவப்பு ஒட்டியிருந்தது. கீழ்வரிசை, இடது பக்கம். நீங்கள் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன். உங்களுக்காகத் தனியாக ஒரு சீட்டு எழுதி இதோடு வைத்திருக்கிறேன், கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் பிரஷ். பிறகு நேரம் இருந்தால் நூல். ரத்தம் வரும் இடத்தைத் தொட வேண்டாம். செவ்வாய்க்கிழமை வந்து காட்டவும்.