இரண்டாம் முறை கேட்டவன்

எங்கள் பக்கத்தில் ஓட்டுப் போடப் போகும்போது நாயையும் கூட்டிக்கொண்டு போகலாம். சட்டத்தில் அப்படி எழுதியிருக்கிறதா என்று எனக்குத் தெரியாது, ஆனால் யாரும் தடுத்துப் பார்த்ததில்லை. வியாழக்கிழமை காலை எங்கள் ஊர்ச் சாவடிக்கு வந்தவர்களில் மனிதர்களைவிட நாய்கள்தான் அதிகம். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், இன்ஸ்பெக்டர், நீங்கள் ஒரு நாயை வைத்துத்தான் என்னைப் பிடித்தீர்கள். நானும் அங்கிருந்தே தொடங்குவதுதான் மரியாதை.

வக்கீல் வேண்டுமா என்று கேட்டீர்கள். வேண்டாம். சனிக்கிழமையும் அதுவுமாக அந்த மனிதரை ஏன் தொந்தரவு செய்ய வேண்டும்?

என் பெயர் லயனல் ப்ரூவெட். பள்ளிக்கூடத்தில் துணைத் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஊர் அக்கம்பக்கக் காவல் குழுவுக்குத் தலைவர். விளக்குக் கம்பங்களில் 'உங்களைக் கவனித்துக்கொண்டிருக்கிறோம்' என்று மஞ்சள் அட்டை தொங்குகிறதே, அது என் கைங்கரியம். டெரிக் ஹாலம் என் நண்பன். பூச்செடி விற்கும் கடை வைத்திருந்தான். குழுவுக்குப் போன வருடம்தான் வந்தான். கூட்டத்துக்குத் தாமதமாக வருவான், வந்ததும் எல்லோரையும் சிரிக்க வைப்பான், தீர்மானம் எதுவும் நிறைவேறாது. ஆனாலும் அவன் வந்தால் கூட்டத்துக்கு ஆள் சேரும்.

எங்களிடம் ஒரு முறை உண்டு, உங்களுக்குத் தெரியாததல்ல. நல்லது ஒன்று தேடி வந்தால் "ஐயோ, நானா?" என்று முதலில் மறுக்க வேண்டும். அவர்கள் மறுபடி கேட்பார்கள். அப்போதும் கொஞ்சம் இழுக்க வேண்டும். பிறகு, "இவ்வளவு சொல்கிறீர்களே" என்று ஏற்றுக்கொள்ள வேண்டும். நான் துணைத் தலைமையாசிரியர் ஆனது இப்படித்தான். தலைமையாசிரியர் ஆகாமல் போனதும் இப்படித்தான். டெரிக்குக்கு இந்த முறையே தெரியாது. பிஸ்கட் தட்டை நீட்டினால் முதல் நீட்டலிலேயே எடுத்துக்கொள்வான். அதுவும் சாக்லேட் தடவியதை.

பிப்ரவரியில் ஒரு சாயங்காலம் பப்பில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். போலீஸ் கமிஷனர் தேர்தலைப் பற்றிப் பேச்சு வந்தது. அப்படி ஒரு பதவி இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியவில்லை. நான்தான் விளக்கினேன். கமிஷனர் என்றால் சீருடை கிடையாது, தொப்பி கிடையாது, நம்மைப்போல ஒரு ஆள்தான். ஆனால் மாவட்டப் போலீஸ் தலைவரைக் கூப்பிட்டு வைத்து மக்கள் சார்பில் கேள்வி கேட்கலாம், வேலைக்கு எடுக்கலாம், வீட்டுக்கும் அனுப்பலாம். தெளிவாகச் சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். ஏனென்றால் பப் நடத்தும் மேவிஸ் கிளாஸைத் துடைத்துக்கொண்டே என் பக்கம் திரும்பினாள்.

"இவ்ளோ தெரிஞ்சு வெச்சிருக்கீங்களே, லயனல் சார், நீங்களே நின்னா என்ன?"

"ஐயோ, நானா? எனக்கெதுக்கும்மா அதெல்லாம்" என்றேன்.

சொல்லிவிட்டு, அவள் மறுபடி கேட்க அவகாசம் கொடுத்து, ஒரு வாய் பீர் குடித்தேன். கொஞ்சம் பெரிய வாயாகப் போய்விட்டது. நான் கிளாஸைக் கீழே வைப்பதற்குள் அவள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள்.

"அப்ப நீ நில்லேன் டெரிக். போலீசு போலீசுன்னு வாய் கிழியப் பேசுறல்ல."

"சரி, நிக்கிறேன்" என்றான் டெரிக்.

"ஒரு கிளாஸ் பீரு ஓசியில குடுத்தா ராசா பதவிக்கே நிப்பான்யா இவன்" என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். ஒரே சிரிப்பு. முதலில் கைதட்டியவன் நான்தான். எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. நீங்கள் காலையிலிருந்து அதையே சுற்றிச் சுற்றி வருவதால் குறிப்பாகச் சொல்கிறேன்.

மறுநாள் காலை டெரிக் நாயோடு என் வீட்டு வாசலில் நின்றான்.

"லயனலு, நீ எனக்கு ஏஜெண்டா இருய்யா. இந்த விதிமுறை எழவெல்லாம் எனக்கு ஒண்ணும் புரியல."

"ஐயோ, நானா?"

"நீதான். நீ இல்லாம நான் எங்கய்யா போறது? மாட்டேன்னு சொல்லாத."

இரண்டாம் முறை கேட்டவன் அவன் ஒருவன்தான். ஒப்புக்கொண்டேன்.

அதன் பிறகு வசந்தகாலம் முழுக்க என் காரில்தான் மாவட்டத்தைச் சுற்றினோம். நான் ஓட்டுவேன். அவன் பக்கத்தில், நாய் பின்னால். நாயின் பெயர் கடுகு. மற்ற இரண்டு வேட்பாளர்களும் பெரிய கட்சிக்காரர்கள். தபாலில் துண்டுச்சீட்டு அனுப்பியதோடு சரி, அவர்கள் முகத்தை யாரும் பார்த்ததில்லை. டெரிக் வீடு வீடாகக் கதவைத் தட்டினான். கதவைத் திறந்தவர்கள் முதலில் கடுகைக் கொஞ்சினார்கள், பிறகு குறையைச் சொன்னார்கள்.

"கமிஷனரா? குப்பை எடுக்க ஆளு வரலன்னா நீங்க வருவீங்களா?" என்று ஒரு அம்மாள் கேட்டாள்.

"குப்பை நம்ம கணக்குல வராதும்மா. திருடன் குப்பையத் தூக்கிட்டுப் போனா சொல்லுங்க, ஓடி வரேன்."

"போய்யா, வாயாடி. உனக்குத்தான் என் ஓட்டு."

எல்லா வீட்டிலும் இதே பதில். உனக்குத்தான், உனக்குத்தான். டெரிக் நம்பினான். எனக்கு மனிதர்களைத் தெரியும். வாசலுக்கு வந்து நிற்பவனின் முகத்துக்கு நேரே 'இல்லை' என்று சொல்கிறவர்கள் அல்ல நாங்கள். என்னிடமும் எத்தனையோ பேர் "காவல் குழுக் கூட்டத்துக்குக் கண்டிப்பா வரேன் சார்" என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கூட்டங்களில் நானும் நாற்காலிகளும் மட்டும் இருந்திருக்கிறோம்.

ஒவ்வொரு நாளும் வீடு திரும்பும்போது, "எப்படிய்யா போகுது?" என்று கேட்பான். "ரொம்ப நல்லாப் போகுது" என்பேன். வேறென்ன சொல்வது? அவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். புதிதாக ஒரு கோட்டு வாங்கியிருந்தான். அதைப் போட்டுக்கொண்டு வெள்ளிக்கிழமை மேடையில் நின்று, தன் ஓட்டுகளை வாசிக்கக் கேட்டு, அந்த முகம் சுருங்கப்போவதை நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை. ஊரே அவனைப் பார்த்து அனுதாபப்படும். "பரவாயில்ல டெரிக்" என்று தோளில் தட்டும். தோளில் அப்படித் தட்டு வாங்குவது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அதைவிடக் கொடுமை கிடையாது. நண்பன் என்று இருப்பவன் அதைத் தடுக்க வேண்டுமா, வேண்டாமா?

வியாழக்கிழமை வந்தது. காலையில் ஊர்ச் சாவடியில் இருவரும் ஓட்டுப் போட்டோம். நான் அவனுக்குப் போட்டேனா என்று உங்கள் உதவியாளர் கேட்டார். ஓட்டு ரகசியமானது, இன்ஸ்பெக்டர்.

பிறகு மற்றச் சாவடிகளைச் சுற்றினோம். வேட்பாளரும் ஏஜெண்டும் போய்ப் பார்ப்பது வழக்கம். ஒரு தேவாலயக் கூடத்தில் சாவடி அதிகாரி கம்பளிக் காலுறை பின்னிக்கொண்டிருந்தார். "ஒண்ணு முடிச்சுட்டேன், இப்ப ரெண்டாவது கால்" என்றார். இன்னொரு இடத்தில் எங்களைப் பார்த்ததும் ஓட்டுப் போட வந்தவர்கள் என்று நினைத்து மூன்று பேரும் ஆவலோடு எழுந்து நின்றார்கள். பாவமாக இருந்தது. இந்தக் காலி நாற்காலிகளைப் பார்த்தும் டெரிக்குக்கு ஒன்றும் உறைக்கவில்லை. "சாயங்காலம் வேல முடிஞ்சு எல்லாரும் வருவாங்கய்யா" என்றான். அப்போதுதான் முடிவை உறுதி செய்துகொண்டேன். தேநீர் முன்பே ஃபிளாஸ்கில் தயாராக இருந்தது.

ஏரிக்கரையில் பறவை பார்க்க ஒரு மரக் குடில் இருக்கிறது. சுவரில் நீளவாக்கில் ஒரு திறப்பு, அதற்கு முன்னால் பெஞ்சு. சாயங்காலம் கொஞ்சம் ஓய்வெடுக்கலாம் என்று அங்கே கூட்டிக்கொண்டு போனேன். என் மனைவி போனபோது அவளுடைய தூக்க மாத்திரைகள் நிறைய மிச்சமிருந்தன. நான் எதையும் வீணாக்குகிறவன் அல்ல. கசக்கும் என்று சர்க்கரையைத் தாராளமாகப் போட்டிருந்தேன். அப்படியும் கசந்திருக்க வேண்டும், முதல் மிடறில் அவன் கண் லேசாகச் சுருங்கியது. ஆனால் அடுத்தவர் போட்ட தேநீரைக் குறை சொல்லும் பழக்கம் நம்மில் யாருக்கு இருக்கிறது?

"அருமையான டீ" என்றான்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?"

"ஊத்துய்யா."

முதல் தடவையிலேயே சரி என்றான். அவன் மட்டும் ஒரு முறை மறுத்திருந்தால் நான் வற்புறுத்தியிருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

நிறைய நேரம் பேசிக்கொண்டிருந்தான். ஜெயித்தால் என்னைத் துணைக் கமிஷனராக வைத்துக்கொள்ளப் போவதாகச் சொன்னான். "துணைன்னா உன்ன மாதிரி வராதுய்யா" என்றான். அன்பாகத்தான் சொன்னான். நானும் நன்றி சொன்னேன். பிறகு அவன் குரல் குழறியது, தலை சுவரில் சாய்ந்தது. கோட்டுப் பொத்தானைப் போட்டுவிட்டேன், குளிர் காற்று. பையில் கொண்டுவந்திருந்த தொலைநோக்கியை எடுத்து அவன் கழுத்தில் மாட்டினேன். மூச்சு நிற்கும்வரை கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவன் தனியாகப் போகவில்லை என்பதை எழுதிக்கொள்ளுங்கள்.

கடுகு அவன் காலடியிலேயே படுத்துக்கொண்டு வர மறுத்தது. விட்டுவிட்டு வந்திருந்தால் நீங்கள் என் வாசலுக்கு வந்திருக்கவே மாட்டீர்கள். ஆனால் ஒரு வாயில்லா ஜீவனை ராத்திரி முழுக்கக் குளிரில் விட்டுவிட்டு வருவதா? நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. தூக்கிக்கொண்டு வந்து கோழிக்கறி போட்டேன். சாப்பிடவில்லை.

மறுநாள் அவனைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். நீங்கள் சொல்லித்தான் தெரிந்தது, காலையில் பறவை பார்க்க வந்த ஒரு தம்பதி அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அறிமுகமில்லாத மனிதர், அமைதியாக இருக்கிறார், நாமாக ஏன் பேச்சுக் கொடுக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள். போகும்போது அந்தப் பெண் மட்டும் "இன்னைக்கு வாத்து ஒண்ணையும் காணல" என்றாளாம். பதில் வராததால், ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று வருத்தப்பட்டாளாம். நல்ல மனிதர்கள்.

அதனால் வெள்ளிக்கிழமை மதியம் ஓட்டு எண்ணும் கூடத்தில், டெரிக் வரத் தாமதமாகிறது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவன் எப்போது நேரத்துக்கு வந்திருக்கிறான்? ஏஜெண்ட் என்ற முறையில் நான் போயிருந்தேன். போகாமலிருந்தால் நன்றாக இருக்காது.

முடிவை வாசித்தார்கள். டெரிக் ஹாலம் ஜெயித்துவிட்டான்.

தோற்றவர்கள் என் கையைக் குலுக்கினார்கள். அந்தக் கதவுகளில் நின்று "உனக்குத்தான்" என்று சொன்ன அத்தனை பேரும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். வேலை முடிந்து நடந்து போய்ப் போட்டிருக்கிறார்கள். என்னிடம் மட்டும்தான் அவர்கள் பொய் சொல்லி வந்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது.

"ஜெயிச்சவர் இன்னும் வரலியா?" என்று தேர்தல் அதிகாரி கேட்டார். "அப்ப நீங்க மேல வந்து ரெண்டு வார்த்த பேசிடுங்களேன்."

"ஐயோ, நானா?"

"வாங்க சார், எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க" என்றார் மறுபடியும். நல்ல வளர்ப்பு. நான் இன்னும் கொஞ்சம் இழுத்தேன், அவர் என் முழங்கையைப் பிடித்து மேடையில் ஏற்றினார்.

பேசினேன். ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. பாதுகாப்பான தெருக்களைப் பற்றி, பணிவைப் பற்றி, மக்கள் என்மேல் வைத்த நம்பிக்கையைப் பற்றி. ஆமாம், 'என்மேல்' என்று சொன்னேன். வாய் தவறிவிட்டது. மேவிஸ் முன்வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இறங்கி வந்ததும், "சார், தயாரிக்காமலே இப்படிப் பேசுறீங்களே" என்றாள். பிப்ரவரியிலிருந்து தினமும் காலையில் முகம் மழிக்கும்போது கண்ணாடியைப் பார்த்து அதைத்தான் சொல்லி வந்தேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? கைதட்டல் வெகுநேரம் நிற்கவில்லை. நன்றாக இருந்தது.

மதியம் நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். "அவர் ஜெயிப்பாருன்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா, இதைச் செஞ்சிருக்க மாட்டீங்கல்ல மிஸ்டர் ப்ரூவெட்?" யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அன்பான கேள்வி. எனக்காக ஒரு கதவைத் திறந்து வைத்தீர்கள், அது தெரிகிறது. நீங்கள் கொடுத்த சூப்பைக் குடித்துக்கொண்டே நன்றாக யோசித்துப் பார்த்தேன்.

தோற்கப்போகிறவன்தானே என்றுதான் வியாழக்கிழமை வரை பொறுத்துக்கொண்டேன். ஜெயிப்பான் என்று தெரிந்திருந்தால் அவ்வளவு நாள் பொறுத்திருக்க மாட்டேன்.