பாட்டிலுக்குத் திரும்பாத பினாயில்

சிவாஜிநகரிலிருந்து வைட்ஃபீல்ட் போகும் காலை பஸ். என் முன்சீட்டில் ஒரே நிறச் சீருடையில் இரண்டு பெண்கள், ஏதோ கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை. டின் ஃபேக்டரி அருகே நெரிசலில் பஸ் நின்றுவிட, இளையவள் மணி பார்த்து முனகினாள். மூத்தவள் நிதானமாகச் சொன்னாள்:

"நேரம்னு ஒண்ணு கெடயாதுடி."

"அத கம்பெனி வாசல்ல இருக்கற பஞ்ச் மிஷின்கிட்ட சொல்லுக்கா."

"என் பொண்ணு சொல்றா. கணக்குல பிஎச்டி பண்றா இல்ல? அவ எழுதற கணக்குல நேரத்த முன்னாடி ஓட்டினாலும் சரியா வருதாம், பின்னாடி ஓட்டினாலும் சரியா வருதாம். நேத்து, நாளைன்றதெல்லாம் நாம வச்ச பேருதானாம்."

"நீ நம்பிட்டியா?"

"எங்க நம்பறது! பக்கெட் தண்ணில பினாயில ஊத்தினா வெள்ளையா கலந்துடுது. அது திரும்பப் பிரிஞ்சு பாட்டிலுக்குள்ள போவுமாடின்னு கேட்டேன்."

"அவ என்னா சொன்னா?"

"ரெண்டு நாள் எழுதி எழுதிப் பாத்தா. அப்பறம் அவங்க சார்கிட்ட கேட்டாளாம். பெரிய பெரிய ஆளுங்களே இன்னும் அதுக்குத்தான் சண்ட போட்டுகினு இருக்காங்களாம்."

"அப்ப நீதான் ஜெயிச்சே."

"இரு, கேளு. பிஎச்டிக்கு இப்ப எழுதற புக்குல மொதப் பக்கத்துலயே அந்தக் கேள்வியப் போட்டுட்டா. எங்கம்மா கேட்டதுன்னு எழுதிருக்கா."

"இங்கிலீஷ்லயா? நீ எப்பிடிப் படிச்ச?"

"எனக்கு எங்க படிக்கத் தெரியும்? பினாயில்ன்ற எழுத்து மட்டும் தெனம் பாட்டில்ல பாக்கறேன் இல்ல? அந்தப் பக்கத்துல அது மேல வெரல வச்சுக் காட்டிட்டேன்."